அறிக்கையில் ஒரு பெயர், வயிற்றுக்குள் வேறோர் இடம்

அடிவயிற்றில் கட்டி இருப்பதாக ஸ்கேன் காட்டியதும், அறிக்கையின் கடைசி வரியைத்தான் எல்லோரும் முதலில் படிக்கிறார்கள். ‘வலது சினைப்பையில் டெர்மாய்டு கட்டி’ என்று அங்கே அச்சாகியிருந்தால், அதுவே முடிந்த முடிவாக வீட்டில் பேசப்படுகிறது. பெரும்பாலானவர்களுக்கு அந்த வரி சரியாகவே இருக்கும். மிகச் சிலருக்கு மட்டும், அறுவை அரங்கில் வயிற்றுக்குள் பார்க்கும்போது கட்டி வேறோர் இடத்தில் இருக்கும். குடலுக்கு முன்னால் தொங்கும் கொழுப்புத் திரையிலோ, குடலைத் தாங்கும் சவ்விலோ, கருப்பைக்குப் பின்னுள்ள பள்ளத்திலோ அது ஒட்டிக்கொண்டிருக்கும். குற்றம் சுமத்தப்பட்ட சினைப்பை பழுதின்றித் தன் இடத்தில் இருக்கும்.

இத்தகைய கட்டிகள் மிக அரிதானவை. இவற்றைப் பற்றி மருத்துவ இதழ்களில் வெளிவருபவை பெரும்பாலும் ஒற்றை நோயாளியின் வரலாறுகளே. அப்படியிருக்க, நோயாளிகளுக்கும் அவர்களைப் பேணுவோருக்குமான இந்த மடலில் இதைப் பேசுவது ஏன் என்று கேட்கலாம். அரிய நோயைக் காட்டி அச்சுறுத்துவது எங்கள் நோக்கமன்று. ஸ்கேன் அறிக்கையில் உள்ள பெயர், தக்க சான்றுகளின் மேல் எழுந்த ஒரு மதிப்பீடு; அது தீர்ப்பு ஆகாது. அந்த மதிப்பீட்டை மட்டும் நம்பி, திரும்பப் பெற முடியாத ஓர் உறுப்பை இழக்கும் முடிவை யாரும் எடுக்கக் கூடாது. இதுவே எங்கள் கருத்து. இதை விளக்க, இந்த அரிய கட்டியைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம்.

டெர்மாய்டு எது, எது அன்று

டெர்மாய்டு கட்டி, பின்னாளில் சினைமுட்டையாகவோ விந்தணுவாகவோ ஆகவேண்டிய மூல உயிரணுக்களிலிருந்து தோன்றுகிறது. உடலின் எந்தத் திசுவாகவும் மாறும் ஆற்றல் இந்த உயிரணுக்களுக்கு உண்டு. ஆகையால் கட்டியின் பைக்குள் தோலும், தோலில் சுரக்கும் எண்ணெய்ப் பசையும், முடியும், சில வேளைகளில் பல்லும் எலும்பும் தைராய்டு திசுவும்கூடக் காணப்படுகின்றன. ஜெர்மானிய நோயியல் அறிஞர் ருடால்ஃப் ஃபிர்ஹோ இவ்வகைக் கட்டிகளுக்கு 1863இல் ‘டெரடோமா’ என்று பெயரிட்டார். விகார உருவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. பெயர்தான் அச்சுறுத்துகிறது. முதிர்ந்த வகையைச் சேர்ந்த டெர்மாய்டு பெரும்பாலும் தீங்கற்ற கட்டியே. அது புற்றாக மாறுவது நூற்றில் ஏறத்தாழ ஒருவருக்கோ இருவருக்கோ மட்டுமே. அதுவும் பெரும்பாலும் மாதவிடாய் நின்ற வயதினருக்கு.

கட்டிக்குள் முடியும் பல்லும் இருந்தன என்று கேட்டதும் சில குடும்பங்களில் எழும் பேச்சை நாங்கள் அறிவோம். மணமாகாத பெண்ணாயின், ‘உள்ளே இருந்தது கருவா?’ என்ற கேள்வி அடங்கிய குரலில் வருகிறது. வயிற்றில் முடி என்றால், யாரோ உணவில் மருந்து வைத்துவிட்டார்கள் என்று, மருந்து எடுப்பவரைத் தேடிச் செல்வோரும் உண்டு. இரண்டும் தவறு. டெர்மாய்டு தோன்றுவதற்குக் கருத்தரிப்பு தேவையில்லை. அது ஆண் பெண் உறவால் வருவதன்று. உண்ட உணவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. சிறுமியருக்கும் அது வரும். அந்தப் பெண்ணின் நடத்தையைப் பற்றி அக்கட்டி எதையும் சொல்வதில்லை. இதை அவள் காதில் விழும்படி வீட்டுப் பெரியவர்களிடம் சொல்வதையும் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே நாங்கள் கருதுகிறோம்.

இன்னொரு குழப்பம் சொல்லால் வருவது. நம் பேச்சில் எல்லாக் கட்டிகளும் ‘நீர்க்கட்டி’ ஆகிவிடுகின்றன. மாதவிடாய் ஒழுங்கின்மையோடு சினைப்பையில் பல சிறு நீர்ப்பைகள் தென்படும் நிலையும் நீர்க்கட்டி, ஓரிரு மாதங்களில் தானே மறையும் சாதாரணப் பையும் நீர்க்கட்டி, டெர்மாய்டும் நீர்க்கட்டி. முதல் இரண்டுக்கும் உரிய அறிவுரையை மூன்றாவதற்குப் பொருத்திப் பார்த்து, மாத்திரையில் கரையும் என்று காத்திருப்போர் பலர். டெர்மாய்டு மாத்திரையில் கரையாது. சிறிதாகவும் தொல்லையின்றியும் இருந்தால், மருத்துவர் கண்காணிப்பில் வைத்துப் பார்க்கலாம் என்று கூறுவார். அது வேறு, கரையும் என்ற நம்பிக்கை வேறு.

சினைப்பைக்கு வெளியே எப்படிச் சென்றது?

டெர்மாய்டின் வழக்கமான வீடு சினைப்பை. அதைவிட்டு வயிற்றின் வேறிடத்தில் அது காணப்படுவதற்கு மூன்று விளக்கங்கள் கூறப்படுகின்றன.

முதலாவது, கருவாக இருந்த காலத்தில் நேர்ந்த வழிதவறல். மூல உயிரணுக்கள் சினைப்பையில் தோன்றுவதில்லை. கருவின் தொடக்க வாரங்களில் அவை வேறோரிடத்தில் தோன்றி, குடலை ஒட்டிய சவ்வின் வழியே நகர்ந்து, சினைப்பை உருவாகவிருக்கும் இடத்தை அடைகின்றன. அந்தப் பயணத்தில் சில அணுக்கள் பாதி வழியில் தங்கிவிட்டால், பல ஆண்டுகள் கழித்து அங்கேயே கட்டி தோன்றக்கூடும். இரண்டாவது, பிறவியிலேயே கொழுப்புத் திரையில் மிகுதியாக ஒரு சினைப்பைத் திசு அமைந்திருந்து, அதில் கட்டி வளர்வது.

மூன்றாவது விளக்கம்தான் பெரிதும் ஏற்கப்படுவது. குடும்பத்தார் அறிந்திருக்க வேண்டியதும் அதுவே. சினைப்பையில் வளர்ந்த டெர்மாய்டு, தன் எடையால் தன் காம்பின் மேலேயே முறுக்கிக்கொள்ளும். இரத்த ஓட்டம் தடைப்பட்டுக் கடும் வலி எடுக்கும். உடனே சிகிச்சை பெறாமல் போனால், சில நாட்களில் வலி தானே தணிந்துவிடவும் கூடும். வலி தணிந்ததால் நோய் தீர்ந்ததாகப் பொருளில்லை. முறுக்கிய காம்பு மெல்ல மெல்ல நைந்து அறுந்து, கட்டியும் சினைப்பையும் சேர்ந்து பிரிந்துவிடுகின்றன. வயிற்றுக்குள் அழற்சி உள்ள இடத்தைத் தேடிச் சென்று ஒட்டிக்கொள்ளும் இயல்புடைய கொழுப்புத் திரை, அறுந்த கட்டியைப் பற்றிக்கொண்டு புதிய இரத்த நாளங்களைத் தருகிறது. அக்கட்டி புதிய இடத்தில் வாழத் தொடங்குகிறது.

இங்கே ஒரு பழைய வலி முக்கியச் சான்றாகிறது. ‘மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் துடித்துப் போனாள், சூட்டுவலி என்று இளநீரும் வெந்தயமும் கொடுத்தோம், இரண்டு நாளில் சரியாகிவிட்டது’ என்று ஒரு தாய் கூறுவாராயின், அந்த ஒரு வாக்கியம் பல ஆயிரம் ரூபாய்ச் சோதனை தராத குறிப்பை மருத்துவருக்குத் தரக்கூடும். ஒரு பக்கச் சினைப்பை ஸ்கேனில் தென்படவில்லை, வயிற்றில் வேறோரிடத்தில் கட்டி தென்படுகிறது, முன்பு ஒரு கடும் வலி வந்து மறைந்திருக்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் மூன்று செய்திகள். சேர்த்துப் பார்த்தால் ஒரே கதை.

ஸ்கேன் சொல்வதும் சொல்லாததும்

‘இவ்வளவு கருவிகள் இருந்தும் கட்டி எங்கே இருக்கிறது என்றுகூடவா தெரியாது?’ என்ற கேள்வி நியாயமானதே. கட்டி எதனால் ஆனது என்பதையும், எங்கிருந்து முளைத்தது என்பதையும் பிரித்துப் பார்த்தால் விடை கிடைக்கும்.

எதனால் ஆனது என்பதை இன்றைய கருவிகள் நன்றாகவே சொல்கின்றன. அல்ட்ராசவுண்டில் முடியும் கொழுப்பும் கலந்த பகுதி வெண்மையாக ஒளிர்ந்து, தனக்குப் பின்னால் நிழலை வீழ்த்தும். சி.டி. ஸ்கேனில் கொழுப்பும் பல்லின் சுண்ணாம்பும் தெளிவாக வேறுபட்டுத் தெரியும். எம்.ஆர்.ஐ.யில் கொழுப்பின் ஒளியை மட்டும் அடக்கிப் பார்க்கும் முறையினால், உள்ளே இருப்பது கொழுப்பா இரத்தமா என்பதையும் பிரித்தறியலாம். எனவே ‘இது டெர்மாய்டு’ என்ற பகுதி பெரும்பாலும் உறுதியான நிலத்தில் நிற்கிறது.

‘இது சினைப்பையில்’ என்ற பகுதி அவ்வளவு உறுதியானதன்று. கொழுப்புத் திரை மேல்வயிற்றிலிருந்து இடுப்பெலும்புக் குழிவரை தொங்கக்கூடியது. அதில் ஒட்டிய கனமான கட்டி, நிற்கும்போதும் நடக்கும்போதும் கீழே இறங்கிச் சினைப்பையின் அருகே சென்று அமர்கிறது. கட்டி பெரிதாகிவிட்டால் சுற்றியுள்ள உறுப்புகளை மறைத்துவிடும். குடலில் உள்ள வாயு அல்ட்ராசவுண்டின் பார்வையை மறிக்கும். மணமாகாத பெண்களுக்குப் பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் ஸ்கேன் பொதுவாகத் தவிர்க்கப்படுவதால், சிறுநீர்ப்பையை நிரப்பி வயிற்றின் மேலிருந்து மட்டுமே பார்க்க வேண்டியிருக்கிறது. மாதவிடாய் நின்ற பெண்களுக்குச் சினைப்பை சுருங்கிவிடுவதால், இயல்பான சினைப்பையையே கண்டுபிடிப்பது கடினம்.

இந்நிலையில், பெண்ணின் இடுப்புக் குழியில் கொழுப்பும் பல்லும் கொண்ட ஒரு கட்டி தெரியும்போது, கதிரியக்க மருத்துவர் அதைச் சினைப்பைக்கு உரியதாக எழுதுவது முறையான தர்க்கமே. அத்தகைய கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை அங்கிருந்தே வருகின்றன. அவர் கவனக்குறைவாக இருந்தார் என்று எண்ணுவதற்கு இதில் இடமில்லை.

எனினும், விழிப்போடு தேடினால் சில குறிப்புகள் கிடைக்கும். இரண்டு சினைப்பைகளும் கட்டியிலிருந்து பிரிந்து தனியே தெரிகின்றனவா? நோயாளி புரண்டு படுக்கும்போது கட்டி இடம் மாறுகிறதா? சி.டி.யிலோ எம்.ஆர்.ஐ.யிலோ கட்டிக்குச் செல்லும் இரத்த நாளம் சினைப்பையின் நாளமா, கொழுப்புத் திரையின் நாளமா? முந்தைய ஸ்கேன் ஒன்றில் கட்டி வேறு பக்கத்தில் இருந்ததா? சென்ற ஆண்டு வலப்பக்கம் என்றும் இவ்வாண்டு இடப்பக்கம் என்றும் எழுதப்பட்டிருந்தால், ஒரு மையம் தவறு செய்துவிட்டது என்று எண்ணி முதல் அறிக்கையைக் கிழித்துப் போடாதீர்கள். கட்டியே நகர்ந்திருக்கக்கூடும்.

வயிற்றைத் திறந்த பின்னரே உண்மை தெளிவது மருத்துவ வரலாற்றுக்குப் புதிதன்று. 1809ஆம் ஆண்டு அமெரிக்காவின் கென்டகி மாநிலத்தில், பேறுகாலம் கடந்தும் குழந்தை பிறக்கவில்லை என்று கருதப்பட்ட ஜேன் கிராஃபோர்டு என்ற பெண்ணைப் பார்க்க எஃப்ரெய்ம் மெக்டவல் என்ற மருத்துவர் அழைக்கப்பட்டார். அவர் கையால் சோதித்து, அது குழந்தையன்று, சினைப்பைக் கட்டி என்று கணித்தார். மயக்க மருந்தே இல்லாத அக்காலத்தில், ஏறத்தாழ 10 கிலோ எடையுள்ள கட்டியை அவர் அகற்றினார். அப்பெண் அதன்பின் 30 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். அறுவைக்கு முன்பே, இது ஒரு சோதனை முயற்சி என்பதையும் உயிருக்கு உள்ள ஆபத்தையும் மெக்டவல் அவரிடம் மறைக்காமல் கூறினார் என்பது அவரே எழுதிவைத்த குறிப்பிலிருந்து தெரிகிறது. கருவிகள் இன்று பெருகிவிட்டன. நோயாளியிடம் நிச்சயமின்மையை ஒளிக்காமல் சொல்லும் கடமை அப்படியேதான் இருக்கிறது.

இரத்தச் சோதனை என்னும் இன்னொரு குழப்பம்

கட்டி என்றதும் சி.ஏ. 125 என்ற இரத்தச் சோதனை எழுதப்படுகிறது. 35 அலகுக்கு மேல் வந்தால் அறிக்கையில் அந்த எண் தடித்த எழுத்தில் அச்சாகிறது. அன்றிரவு வீட்டில் யாரும் உறங்குவதில்லை. சினைப்பைப் புற்றில் இந்த அளவு உயரும் என்பது உண்மை. மாதவிடாய் நாட்களிலும், கருவுற்ற காலத்திலும், எண்டோமெட்ரியோசிஸ் என்னும் நிலையிலும், கல்லீரல் நோயிலும் அது உயரும் என்பதும் உண்மை. நம் நாட்டில் மறக்கக் கூடாத இன்னொரு காரணம் காசநோய். வயிற்றின் உள்ளுறையைத் தாக்கும் காசநோயில் நீர் கோத்து, கட்டிபோன்ற திரட்சி தோன்றி, சி.ஏ. 125 பல நூறு அலகுகளாக உயர்ந்து, முற்றிய சினைப்பைப் புற்று போலவே காட்சி தரும். அறுவையால் அன்றி மாத்திரைகளால் குணமாகும் நோய் அது.

சினைப்பைக் கட்டி போலத் தோன்றுபவை வேறு பலவும் உண்டு. கருப்பையிலிருந்து காம்போடு தொங்கும் நார்க்கட்டி, சளி நிறைந்து வீங்கிய குடல்வால், குடல் சவ்வில் தோன்றும் நீர்ப்பை, பிறவியிலேயே இடுப்புக் குழியில் தங்கிவிட்ட சிறுநீரகம் ஆகியன அவற்றுள் சில. இவற்றையெல்லாம் அடுக்குவது அச்சத்தைப் பெருக்குவதற்காக அன்று. ஒரு படமும் ஓர் எண்ணும் சேர்ந்து ஒரு பெயரைத் தந்துவிட்டால் ஆராய்ச்சி முடிந்துவிட்டது என்று எண்ணலாகாது என்பதற்காகவே.

‘எப்படியும் அறுவைதானே?’

இவ்வளவும் கேட்டபின் எழக்கூடிய எதிர்வாதத்தையும் நாங்கள் எடுத்துப் பார்க்க வேண்டும். கட்டி எங்கே இருந்தாலும் எடுக்கத்தான் வேண்டும். எடுக்கும்போது தெரிந்துவிடப் போகிறது. பின் ஏன் இத்தனை ஆராய்ச்சி? இவ்வாதத்தில் பாதி உண்மை உண்டு. ஒவ்வொரு டெர்மாய்டுக்கும் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும் என்று நாங்கள் கூறவில்லை. அதன் செலவு ஒரு குடும்பத்துக்கு என்ன பொருள் தரும் என்பதை நாங்கள் அறிவோம். ஸ்கேனில் இரண்டு சினைப்பைகளும் தெளிவாகி, கட்டி ஒன்றின் உள்ளே இருப்பது தெரிந்தால், அதுவே போதும்.

ஆயினும் ஐயம் இருக்கும் இடத்தில் அந்த ஐயத்தை முன்கூட்டியே அறிந்திருப்பதால் மூன்று நன்மைகள் உண்டு. ஒன்று, அறுவைக்குழு அதற்கேற்ப அமையும். கட்டி குடலோடு ஒட்டியிருக்கக்கூடும் என்றால், மகளிர்நோய் மருத்துவரோடு குடல் அறுவை மருத்துவரும் அழைக்கும் தொலைவில் இருப்பார். இரண்டு, லேப்ராஸ்கோப்பி செய்யும்போது எந்தத் துளையை எங்கே இடுவது என்பதுகூட மாறும். டெர்மாய்டின் உள்ளடக்கம் வயிற்றுக்குள் சிந்தினால் அழற்சி ஏற்படும் என்பதால், கட்டியைப் பைக்குள் இட்டு வெளியே எடுக்கவும், சிந்தினால் நிறைய உப்புநீரால் கழுவவும் குழு ஆயத்தமாக இருக்கும்.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் பெரிது. அச்சம் மிகுந்த குடும்பம், ‘கட்டியோடு சினைப்பையையும் சேர்த்து எடுத்துவிடுங்கள், மறுபடி தொல்லை வேண்டாம்’ என்று கேட்கிறது. இளம் பெண்ணுக்கு, கட்டி சினைப்பையிலேயே இருந்தாலும், தீங்கற்றதாகத் தெரியும்போது கட்டியை மட்டும் உரித்தெடுத்துச் சினைப்பையைக் காப்பதே இன்று ஏற்கப்பட்ட முறை. முறுக்கிக் கருத்துப்போன சினைப்பைகூட, முறுக்கை நீக்கினால் பெரும்பாலும் மீண்டு இயங்குகிறது. அப்படியிருக்க, கட்டி அங்கே இல்லவே இல்லை என்று தெரியக்கூடிய ஒருத்திக்கு, முன்கூட்டியே சினைப்பையை இழக்கச் சம்மதம் தருவது எவ்வளவு பெரிய இழப்பு! ஆகவேதான், அறிக்கையின் பெயரைக் கொண்டு உறுப்பின் விதியை எழுதக் கூடாது என்கிறோம். வயிற்றுக்குள் முதலில் சுற்றிப் பார்த்து, இரண்டு சினைப்பைகளையும் கருப்பையையும் குடல்வாலையும் கொழுப்புத் திரையையும் கண்ணால் கண்டபின்னரே கத்தி பேச வேண்டும்.

மாதவிடாய் நின்ற பெண்களுக்கும், ஸ்கேனில் திண்மையான பகுதிகளோ வயிற்றில் நீரோ தெரியும் பெண்களுக்கும் கணக்கு வேறு. அவர்களுக்குப் புற்றின் வாய்ப்பு கூடுதல் என்பதால், சினைப்பையைக் காப்பதைவிட நோயை முழுமையாக நீக்குவது முதன்மை பெறும். சிறுமியருக்கும் இளம்பெண்களுக்கும் சில கூடுதல் இரத்தச் சோதனைகள் தேவைப்படும். எங்கள் கருத்தைப் படித்துவிட்டு யாரும் அறுவையைத் தள்ளிப்போட வேண்டாம். நிச்சயமின்மை, காத்திருப்பதற்கான காரணம் ஆகாது. கவனமாகத் திட்டமிடுவதற்கான காரணம்.

சம்மதம் யாருடையது?

மருத்துவமனைப் படிவங்கள் ஒரே ஒரு நோய்ப்பெயரைக் கேட்கின்றன. காப்பீட்டு முன்அனுமதிக்கும் ஒரு பெயர் வேண்டும். ‘சினைப்பைக் கட்டியாக இருக்கலாம், வேறிடத்துக் கட்டியாகவும் இருக்கலாம்’ என்று எழுத அங்கே இடமில்லை. இதனால் மருத்துவரின் மனத்தில் இருக்கும் ஐயம், தாளில் உறுதியாக மாறிவிடுகிறது. ஒப்புதல் படிவத்திலாவது அந்த ஐயம் எழுத்தில் இடம்பெற வேண்டும் என்பது எங்கள் உறுதியான நிலைப்பாடு. என்ன காணப்பட்டால் என்ன செய்யப்படும், எது நோயாளியின் மறுசம்மதம் இன்றிச் செய்யப்படாது என்பவை தாய்மொழியில் எழுதப்பட வேண்டும்.

அந்தப் படிவத்தில் கையெழுத்திட வேண்டியவர், 18 வயது நிரம்பிய, தெளிந்த மனமுடைய நோயாளியே. தந்தையும் கணவனும் மாமியாரும் அருகிலிருந்து ஆறுதல் தரலாம். அவருக்கு மாற்றாக முடிவெடுக்க இயலாது. நோயறியும் சோதனைக்காக மயக்கத்தில் இருந்த ஒரு பெண்ணின் கருப்பையும் சினைப்பைகளும், வெளியே காத்திருந்த தாயின் சம்மதத்தைப் பெற்று அகற்றப்பட்ட வழக்கில், நம் உச்ச நீதிமன்றம் 2008ஆம் ஆண்டு தெளிவான தீர்ப்பை வழங்கியது. நோயறிவதற்குத் தந்த சம்மதம் சிகிச்சைக்கான சம்மதம் ஆகாது. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, சுயநினைவு திரும்பியபின் முடிவெடுக்கக்கூடிய ஒருவருக்காகப் பிறர் சம்மதம் தர முடியாது என்று அத்தீர்ப்பு கூறுகிறது. அறுவை அரங்கின் வாயிலில் நின்று உறவினர் கையெழுத்திடுவதை இன்னும் இயல்பாகக் கருதும் அனைவரும் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

‘உறுதியாகத் தெரியவில்லை’ என்று மருத்துவர் சொன்னால் நோயாளியின் நம்பிக்கை குறைந்துவிடும் என்று எங்கள் தொழிலில் சிலர் அஞ்சுகிறார்கள். எங்கள் கருத்து இதற்கு மாறானது. முன்பே சொல்லப்பட்ட ஐயம் அறுவைக்குப் பின் விளக்கமாகிறது. சொல்லப்படாத ஐயமோ அறுவைக்குப் பின் குற்றச்சாட்டாகிறது. நோயாளிகளிடமும் நாங்கள் ஒன்று வேண்டுகிறோம். ஐயத்தை வெளிப்படையாகச் சொல்லும் மருத்துவரைத் திறமை குறைந்தவர் என்று கருதி, உறுதியாகப் பேசும் இன்னொருவரைத் தேடிப் போகாதீர்கள்.

குடும்பத்தார் செய்யக்கூடியவை

மருத்துவரைச் சந்திக்க வரும்போது பழைய ஸ்கேன் படங்களையும் அறிக்கைகளையும் தேதி வரிசையில் கொண்டுவாருங்கள். அறிக்கை மட்டும் போதாது, படமும் வேண்டும். வயிற்றில் முன்பு வந்து மறைந்த கடும் வலி, வயிற்றில் செய்த அறுவை, வீட்டில் யாருக்கேனும் காசநோய் இருந்தது ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வையுங்கள். மணமாகாத பெண் மருத்துவரோடு தனியே பேச விரும்பினால், சற்று நேரம் வெளியே அமருங்கள்.

மருத்துவரிடம் இந்த ஐந்து கேள்விகளைக் கேட்கத் தயங்காதீர்கள்.

1. ஸ்கேனில் இரண்டு சினைப்பைகளும் தனித்தனியே தெரிந்தனவா?

2. கட்டி வேறிடத்தில் இருக்க வாய்ப்பு உண்டா? உண்டெனில் அதை அறிய இன்னொரு சோதனை உதவுமா?

3. வயிற்றுக்குள் எதிர்பாராத ஒன்று காணப்பட்டால் என்ன செய்வீர்கள்?

4. சினைப்பையைக் காக்க இயலுமா? இயலாது என்றால் ஏன்?

5. எடுத்த கட்டி முழுவதும் திசு ஆய்வுக்கு அனுப்பப்படுமா?

ஐந்தாவது கேள்வியின் விடை எப்போதும் ‘ஆம்’ என்றே இருக்க வேண்டும். கட்டியின் இறுதிப் பெயரை நுண்ணோக்கியின் கீழ் காணும் நோயியல் மருத்துவரே சொல்ல முடியும். அவருடைய அறிக்கை வர ஒரு வாரமோ கூடுதலோ ஆகலாம். தையல் பிரித்தாயிற்று, வலி போயிற்று என்று அதை வாங்காமலே விட்டுவிடுவோர் உள்ளனர். அதை அவசியம் பெற்று, அறுவைக் குறிப்போடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். ஒரு சினைப்பை முன்பே அறுந்து போயிருந்தது என்று தெரியவந்தால், மனம் தளர வேண்டாம். நலமான ஒரு சினைப்பை, மாதவிடாய்க்கும் மகப்பேற்றுக்கும் போதுமானது. அதே நேரம், எஞ்சியிருப்பது ஒன்றே என்பதால், அதை அவ்வப்போது சோதித்துக்கொள்வது அவசியம். டெர்மாய்டு நூற்றில் பத்துக்கு மேற்பட்டோருக்கு இரண்டு பக்கமும் வருவதுண்டு.

கட்டி இருப்பதாக அறிந்தபின் அறுவைக்குக் காத்திருக்கும் நாட்களில், திடீரென்று ஒரு பக்கமாகக் கடும் வயிற்றுவலி எழுந்து, குமட்டலோ வாந்தியோ சேர்ந்தால், அதைச் சூட்டுவலி என்றோ வாயுப்பிடிப்பு என்றோ எண்ணிக் காத்திருக்காதீர்கள். நள்ளிரவானாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள். முறுக்கிய சினைப்பையைக் காப்பதில் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கில் வரும்.

அரிய நோய்கள், அவற்றால் பாதிக்கப்படும் சிலருக்கு மட்டும் பாடம் சொல்வதில்லை. கொழுப்புத் திரையில் ஒட்டிய டெர்மாய்டு உங்களுக்கு வர வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் ஒரு நோய்ப்பெயர் எழுதிய தாள் ஏதேனும் ஒருநாள் நம் எல்லோர் கைக்கும் வரும். அன்று அந்தப் பெயரைக் கண்டு அஞ்சுவதற்கும், அதை அப்படியே நம்புவதற்கும் நடுவே ஒரு வழி உண்டு. இந்தப் பெயர் எதை வைத்து எழுதப்பட்டது, இதில் எது உறுதி, எது மதிப்பீடு என்று கேட்பதே அந்த வழி. அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. பொறுமையாக அமர்ந்து விடை சொல்லும் கடமை எங்களுக்கு உண்டு.